மருந்து அடிக்காத ரெண்டு பாத்தி

செடி நோயை ஆராய்பவனுக்கு ஒரு சாபம் உண்டு. ஊரே வரக்கூடாது என்று கும்பிடுவதை, அவன் மட்டும் வா வா என்று கும்பிட வேண்டும். நானும் கும்பிட்டேன். வந்தது. வந்த இடம் என் மாமனாரின் தோட்டம்.

தக்காளி இலைக்கருகலில் முனைவர் பட்டம் வாங்கத் துடித்த காலம். புதிதாக ஒரு மருந்தை வயலில் சோதிக்க வேண்டும். சுந்தரபாண்டியபுரத்தில் மாமா தக்காளி போட்டிருந்தார். ஓணத்துக்கு மலையாளத்து வியாபாரிகள் காய் தேடி வருவார்கள். அந்தக் காயை நம்பித்தான் ஆவணிக் கடைசியில் கொழுந்தியாள் செல்விக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். (எல்லாம் தெரிந்துதான் போனேன்.)

"தோட்டம் முழுக்க மருந்து அடிங்க மாமா. நடுவுல ரெண்டு பாத்தியை மட்டும் அடிக்காம விட்ருங்க."

"அது என்ன பாவம் பண்ணிச்சு மாப்ள?"

"ஒப்பிட்டுப் பாக்கணும்லா. அடிக்காதது கருகினாத்தான், அடிச்சது மருந்தால பிழைச்சுதுன்னு சொல்ல முடியும்."

உள்ளி உரித்துக்கொண்டிருந்த செல்வி நிமிர்ந்தாள். "உங்க பாத்தி எதுன்னு அந்த நோய்க்குத் தெரியுமா அத்தான்?"

சிரித்தேன். (படித்தவன் சிரிப்பு.)

ஆடிச் சாரல் இறங்கியது. மலை முகத்தை மூடிக்கொண்டது. வெயில் எங்கோ தொலைந்துபோக, இலைகள் காயவே இல்லை. அந்த ஈரத்தில் என் இரண்டு பாத்திகளிலும் பழுப்பு வட்டங்கள் பூத்தன. குளத்தில் கல் விழுந்தாற்போல வட்டத்துக்குள் வட்டம். எத்தனை அழகு என்று நின்று நின்று பார்த்தேன்.

ஐந்தருவியில் குளித்துவிட்டு, எண்ணெய் வாசத்தோடு பஜ்ஜிக் கடையில் நின்றபோது மாமா போன் செய்தார்.

"மாப்ள, மத்த பாத்தியிலயும் லேசா புள்ளி தெரியுது. அந்த ரெண்டையும் பிடுங்கி எறிஞ்சிரட்டுமா?"

"வேண்டாம் மாமா. இப்பதான் நல்லா வருது."

பஜ்ஜியை மென்றபடி அதைச் சொன்னேன்.

அடித்த மருந்தையெல்லாம் சாரல் கழுவிக்கொண்டு போனது. என் பாத்திகளிலிருந்து நோய் காற்றோடும் தூறலோடும் தோட்டம் முழுக்கப் பரவியது. நான் போய்ச் சேர்ந்தபோது தீ வைத்தாற்போல் கிடந்தது வயல். என் பாத்தி எது, மாமா பாத்தி எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒப்பிடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

மாமா திட்டவில்லை. காம்படி கறுத்த ஒரு காயைப் பறித்துத் திருப்பிப் பார்த்தார்.

"உங்க ஆராய்ச்சிக்கு இது போதுமா மாப்ள?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். அன்று பெய்த மழைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், முகத்தை மறைத்ததற்கு. (பட்டம் பிறகு கத்தரிக்காயில் கிடைத்தது, வேறு ஊரில்.)

கல்யாணம் தை மாதத்துக்குத் தள்ளிப்போனது. பந்தியில் எனக்கு எதிரே, மாலையும் கழுத்துமாக செல்வி. ரசவாளியோடு வந்தவரை நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, அத்தான் இலைக்கு மட்டும் ஊத்தாதீங்க."

"ஏம்மா?"

"ஒப்பிட்டுப் பாக்கணும்லா."

பந்தியே குலுங்கியது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்திலும் ஏதாவது ஒன்று என் இலையைத் தாண்டிப் போய்விடும். போன மாதம் செல்வியின் மகளுக்குக் காதுகுத்து. பாயசம் தாண்டிப் போனது. மாமாவும் சிரித்தார். அதற்குப் பிறகு தக்காளியே போடாத மனிதர். அவர் சிரித்து முடிக்கும்வரை, வெறும் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.