பொம்மைக்கு இருபத்தாறு, செங்கல்லுக்குப் பதினாலு

"பொம்மையை எறிஞ்சவனுக்கு இருபத்தாறு மாசம். செங்கல்லை எறிஞ்சவனுக்குப் பதினாலு மாசம்" என்று ரோஸ்மேரி பேப்பரை உரக்கப் படித்தாள். "நல்லவேளை, தெரிஞ்சுக்கிட்டேன். அடுத்த கலவரத்துக்குப் போனா செங்கல்லாவே பார்த்து எடுத்துட்டுப் போறேன்."

ரொட்டியில் மார்மலேட் தடவிக்கொண்டிருந்த அவள் கணவர் நீதிபதி நைஜல் ஓக்டனின் கத்தி பாதியில் நின்றது. பொம்மைக்காரனுக்குத் தண்டனை கொடுத்தவர் அவர்தான். செங்கல்காரனுக்குக் கொடுத்தவர் பக்கத்துக் கோர்ட் நீதிபதி பிலிப்பா க்ரேஷாம். இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே கட்டடத்தில், ஒரே கலவரத்துக்குத் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள்.

"அது விளையாட்டுப் பொம்மை இல்ல, ரோஸ். தோட்டத்துல நிக்கிற சிமெண்டுப் பொம்மை. போலீஸ்காரர் தலையில பட்டிருந்தா என்ன ஆகும்?"

"பட்டுச்சா?"

"வேன் மேல பட்டுது. பொம்மைதான் உடைஞ்சுது."

"அப்ப செத்தது பொம்மை மட்டும்தான்."

"அவன் மேல பழைய கேஸ் ரெண்டு இருக்கு. செங்கல்காரன் தானா ஸ்டேஷனுக்கு வந்து ஒத்துக்கிட்டவன். இதையெல்லாம் பார்க்க வேண்டாமா?"

"பார்க்கலாமே. பார்த்தா சரியா ஒரு வருஷ வித்தியாசம் வருமா?"

ஓக்டன் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். பதில் தெரியாத கேள்வி என்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நான்தான் கடுமையா, அவங்கதான் இளக்கமா? தண்டனை வழிகாட்டி இருவர் மேஜையிலும் இருக்கிறது. அதே பக்கங்கள், அதே கட்டங்கள். பிறகு எங்கிருந்து வருகிறது இந்த வித்தியாசம்?

பிலிப்பாவிடம் நேராகக் கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஹேதர்ஷா கோர்ட்டில் நீதிபதிகள் மதியம் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள், ஒருவர் கொடுத்த தண்டனையைப் பற்றி இன்னொருவர் வாயைத் திறக்க மாட்டார். அப்படிச் செய்வது அநாகரிகம். மழை, ரயில் தாமதம், தோட்டம், இந்த மூன்றையும் வைத்தே வருஷக்கணக்கில் பேசியவர்கள் இருக்கிறார்கள்.

அன்று மதியம் தக்காளி சூப்.

"உங்க ரோஜாவெல்லாம் எப்படி இருக்கு?" என்றார் ஓக்டன்.

"நல்லா இருக்கு. உங்க பீட்ரூட்?"

"பரவாயில்ல."

பேச்சுவார்த்தை முடிந்தது. இருவரும் பேப்பரைப் படித்திருந்தார்கள். இருவருக்கும் உள்ளே குடைந்தது. இரண்டு மணிக்கு ஓக்டன் டோப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு, இனி கொஞ்சம் இறங்கிப் போவது என்று முடிவு செய்தார். போலீஸ் கேடயத்தை ஓடி வந்து உதைத்தவனுக்குப் பன்னிரண்டு மாசம் கொடுத்தார். மனசு லேசாகிவிட்டது.

அதே இரண்டு மணிக்குப் பக்கத்து அறையில் பிலிப்பா, இனி கொஞ்சம் ஏறிப் போவது என்று முடிவு செய்திருந்தார். அவர் முன்னால் நின்றவன் முட்டை எறிந்தவன்.

மறுநாள் ரோஸ்மேரிக்குப் பேப்பரைப் பிரிக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

"கேடயத்துக்குப் பன்னெண்டு. முட்டைக்கு இருபத்தெட்டு! நைஜல், இந்த வீட்டுல இனிமே ஆம்லெட் கிடையாது. எனக்குப் பயமா இருக்கு."

இனியும் பொறுக்க முடியாது, ஜாடையாகவாவது சொல்லிவிட வேண்டும் என்று ஓக்டன் மதியம் மேஜையில் உட்கார்ந்தார்.

"முட்டை விலை ரொம்ப ஏறிப்போச்சு இல்ல, பிலிப்பா?"

பிலிப்பா கரண்டியைக் கீழே வைத்தார். முகம் சிவந்தது. "சில பொருள் விலை சட்டுனு இறங்கியும் போகுது, நைஜல்."

"ஆமா, ஆமா" என்று ஓக்டன் அவசரமாகத் தலையாட்டினார்.

நான் இறங்கியது தப்பு என்கிறார் என்று ஓக்டன் எடுத்துக்கொண்டார். நான் ஏறியது தப்பு என்கிறார் என்று பிலிப்பா எடுத்துக்கொண்டார். நாகரிகமானவர்கள் இல்லையா, இருவரும் உடனே திருத்திக்கொண்டார்கள். அன்று மாலை ஓக்டன் ஒரு குப்பைத்தொட்டி மூடிக்கு முப்பது மாசம் கொடுக்க, பிலிப்பா ஒரு ஏணிக்கு ஒன்பதோடு நிறுத்தினார்.

இதற்குள் வக்கீல்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். ஓக்டன் ஒரு நாள் கடுமை, மறுநாள் இளக்கம், பிலிப்பா அதற்கு நேர்மாறு என்று காபி மெஷின் பக்கத்தில் கணக்குப் போட்டார்கள். வழக்கு வேண்டாத கோர்ட்டில் விழுந்தால் கட்சிக்காரருக்குத் திடீரென்று பல்வலி வந்தது. ஒரே காலையில் நான்கு பேருக்குப் பல்வலி. இன்னொருவனின் வக்கீல், தன் கட்சிக்காரர் நாளை வந்தால் இன்னும் ஆழமாக வருந்துவார் என்றுகூட வாதாடிப் பார்த்தார்.

அப்போதுதான் ஆஷ்வொர்த் சகோதரர்கள் வந்தார்கள்.

கோரி, டெக்லன் இருவரும் இரட்டையர்கள். ஒரே சக்கரக் குப்பைத்தொட்டி. போலீஸ் வரிசையை நோக்கி உருண்ட அந்தத் தொட்டியில் இருவர் கையும் இருந்ததைக் கேமரா படம் பிடித்திருந்தது. வெவ்வேறு நாளில் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் கோரி பிலிப்பாவிடமும் டெக்லன் ஓக்டனிடமும் போய் விழுந்திருந்தார்கள்.

கோர்ட் டவாலி க்வென் ஓக்டனின் அறைக் கதவைத் தட்டினாள். "ஐயா, ரெண்டு பேரும் ஒரே கேஸ்தானே. ஒரே கோர்ட்டுல சேர்த்துப் போடச் சொல்லட்டுமா? அவங்க அம்மா வெளிய உட்கார்ந்திருக்காங்க. நாளைக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போறதுன்னு தெரியாம முழிக்கிறாங்க."

சேர்த்திருக்கலாம். சேர்த்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஓக்டனின் கண்ணில் ஆர்வம் மின்னியது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே வயது, பழைய கேஸ் எதுவும் இல்லை, ஒரே தொட்டி. இரண்டு கோர்ட்டிலும் ஒரே தண்டனை வந்துவிட்டால் இந்த ஊர் வாய் அடங்கும். இதைவிட நல்ல பரீட்சை கிடைக்குமா?

"வேண்டாம் க்வென். தனித்தனியாவே இருக்கட்டும்."

பிறகு வாழ்நாளில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். பிலிப்பாவின் அறைக்குப் போய்க் கதவை மூடிக்கொண்டு, தண்டனையைப் பற்றிப் பேசினார்.

"பிலிப்பா, மன்னிக்கணும். அநாகரிகமா ஒண்ணு கேக்கப் போறேன். அந்த முட்டை..."

"நைஜல், அது உங்களாலதான்!"

"என்னாலயா?"

"பொம்மைக்கு நீங்க இருபத்தாறு குடுத்தீங்களே. நான் ரொம்ப இளக்கமா இருக்கேனோன்னு வெட்கமாப் போச்சு. அதான் ஏத்தினேன்."

"அடக் கடவுளே! நான் உங்களைப் பார்த்துத்தானே இறக்கினேன்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஓக்டனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. நடுவில் முட்டை எறிந்தவன் ஒருவன் இருபத்தெட்டு மாசம் உள்ளே இருக்கிறானே என்று தோன்றியது.

"அவன் மேல்முறையீட்டுக்குப் போறான், குறைச்சிடுவாங்க" என்றார் பிலிப்பா, சிரிப்பை நிறுத்தி. "வாங்க, இந்தத் தொட்டியையாவது ஒழுங்காப் பார்ப்போம்."

இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் தலையோடு தலை வைத்துப் படத்தைப் பார்த்தார்கள். தொட்டி உருண்டது. நின்றது. நடுங்கியது. கொஞ்சம் பின்னால் வந்தது. மறுபடி முன்னால் போனது. இரண்டு பக்கமும் இரண்டு தொப்பித் தலைகள், எது யார் என்று பெற்றவளுக்குத்தான் தெரியும். தொட்டியின் வயிற்றில் வெள்ளைப் பெயின்டில் நாற்பத்தேழு என்று அழகாக வீட்டு நம்பர்.

"ஏன் இப்படித் திக்கித் திக்கிப் போகுது?" என்றார் ஓக்டன்.

"சக்கரம் சிக்கிக்கிச்சுன்னு அரசுத் தரப்புல எழுதியிருக்காங்க. யார் வீட்டுத் தொட்டியோ, பாவம்."

"ரெண்டு பேர்ல யாரு முக்கிய ஆளு?"

"என் ஆளு ஒண்ணும் சொல்லல. உங்க ஆளு?"

"'நான் தொட்டியைப் பிடிச்சிருந்தேன், அவ்வளவுதான்'னு சொல்லியிருக்கான். அண்ணனைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது."

வக்கீல்கள் புதிதாக எதுவும் சொல்லாவிட்டால் ஆளுக்குப் பதினெட்டு மாசம் என்று முடிவாயிற்று. ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிலிப்பா மேஜை டிராயரைத் திறந்து பிஸ்கட் எடுத்து நீட்டினார். ஓக்டனுக்கு வெகுநாள் கழித்துப் பசித்தது.

மறுநாள் காலை முதலில் பிலிப்பாவின் கோர்ட். கோரிக்குப் பதினெட்டு மாசம். பார்வையாளர் வரிசையில் இருந்த லொரைன் ஆஷ்வொர்த் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பள்ளிக்கூடச் சமையலறை வேலையிலிருந்து நேராக வந்தவள், கம்பளிச் சட்டைக்குள் ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. வராந்தாவில் ஓடி, அடுத்த பிள்ளைக்காக ஓக்டனின் கோர்ட்டுக்குள் மூச்சு வாங்க நுழைந்தாள். க்வென் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

டெக்லன் கூண்டில் தலைகுனிந்து நின்றான். அம்மா உள்ளே வந்ததும் நிமிர்ந்து பார்த்து, வேண்டாம் என்பது போல் லேசாகத் தலையை ஆட்டினான். அவன் வக்கீல் எழுந்து, கட்சிக்காரர் வருந்துகிறார் என்றார். உட்கார்ந்தார். புதிதாக எதுவும் இல்லை.

"ஒரே தொட்டி, ஒரே தெரு, ஒரே நேரம்" என்று ஓக்டன் தொடங்கினார். குரலில் அவருக்கே பெருமையாக இருந்தது. "ஒரே குற்றத்துக்கு ஆள் மாறினா தண்டனை மாறக் கூடாது. நீதிபதி மாறினாலும் மாறக் கூடாது. உன் அண்ணனுக்குக் கிடைச்ச அதே பதினெட்டு மாசம்தான் உனக்கும்."

கடைசி பெஞ்சில் இருந்த பத்திரிகை நிருபர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓக்டன் அதைக் கவனித்தார். நாளைக் காலை ரோஸ்மேரி என்ன சொல்லிக் கிண்டல் செய்வாள் என்று பார்க்கலாம்!

லொரைன் மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து டெக்லனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவும் இல்லை. எதையோ மென்று விழுங்குகிறவள் மாதிரி இருந்தாள். ஓக்டனின் ஆர்வம் சும்மா இருக்கவில்லை. பார்வையாளரிடம் நீதிபதி பேசுகிற வழக்கம் அந்தக் கோர்ட்டில் கிடையாது. ஆனால் ஒருமுறை அநாகரிகமாக நடந்து பார்த்ததில் அவருக்குத் துணிச்சல் வந்திருந்தது.

"அம்மா, உங்க ரெண்டு பிள்ளைக்கும் ஒரே நியாயம் கிடைச்சிருக்கு. அந்த மட்டுலயாவது உங்களுக்குத் திருப்திதானே?"

டெக்லன் "அம்மா, வேண்டாம்" என்றான். லொரைன் எழுந்து நின்று ஏப்ரனை நீவிவிட்டுக்கொண்டாள்.

"நீங்க கேட்டதால சொல்றேங்கய்யா: அது எங்க வீட்டுத் தொட்டி, பெரியவன் அதைப் போலீஸ் மேல தள்ளினான், 'நாளைக்குக் குப்பை வண்டி வருது, போய் இழுத்துட்டு வாடா'ன்னு சின்னவனை அனுப்பினது நான்தான்."