அப்பன் எழுதிய பரீட்சை

ஷுப்ரா, கெய்ரோ

மரியாதைக்குரிய மச்சான் ராஃபத் அவர்களுக்கு, தங்கை புருஷன் ஃபவ்ஸியின் ஸலாம். குவைத்தில் நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க இறைவன் அருளட்டும். இங்கே நாங்கள் சுகம். அதிலும் நான் ரொம்பவே சுகம். உங்கள் மருமகள் ஹனீனுக்கு அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காது என்பது உறுதியாகிவிட்டது. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் போன் போட்டு, "அரசாங்கப் பள்ளிக்கூடத்துல போட்டா புள்ள உருப்படுமா?" என்று கேட்டீர்கள். எங்கள் தெருமுனைப் பள்ளியில் ஒரு பெஞ்சில் நாலு பேர் இடித்துக்கொண்டுதான் உட்கார்கிறார்கள், வாஸ்தவம். ஆனால் அந்த மணி என் ஊறுகாய்க்கடைக்குக் கேட்கும். இடைவேளையில் பிள்ளை ஓடி வந்து ஒரு கேரட் ஊறுகாயைக் கடித்துவிட்டுப் போகலாம். அங்கே அப்பனுக்குப் பரீட்சையும் கிடையாது. உங்கள் இங்கிலீஷ் பள்ளியிலோ பெற்றவர்களையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். பரீட்சைக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. கூடப் படித்தவர்தானே நீங்கள், நான் ஒன்று விடாமல் கோட்டை விட்டதைப் பார்த்தவர்.

உங்கள் தங்கை நஜ்லா விட்டால்தானே! "ஊறுகாய்க்கடைன்னு மட்டும் வாயத் தெறக்காதீங்க, உணவு பதப்படுத்துறோம்னு சொல்லுங்க" என்று, இங்கிலீஷில் மூன்று பதில்களை வரிசையாக உருப்போட வைத்தாள். முதலில் தொழில், அப்புறம் ராத்திரி பிள்ளைக்குக் கதை சொல்வது, கடைசியில் பிள்ளையை வளர்ப்பது. இரவல் டை கழுத்தை நெரிக்க, மூன்று அம்மணிகள் முன்னால் போய் உட்கார்ந்தேன். முதல் கேள்வி வந்தது. ஒரு மண்ணும் புரியவில்லை. முதல் பதிலைத் தைரியமாக எடுத்துவிட்டேன்: நன்றாகக் கழுவுவோம், உப்பும் வினிகரும் ஊற்றுவோம், மூடியை இறுக்கி இரண்டு வாரம் இருட்டில் வைப்போம், தானாக மெத்தென்று ஆகிவிடும். ஒரு அம்மணி பேனாவைக் கீழே வைத்தார். நஜ்லா மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து, ருசியும் கூடும் என்று சேர்த்துக்கொண்டேன். வெளியே வந்த பிறகுதான் சொன்னாள், அவர்கள் கேட்டது பிள்ளை அடம்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்றாம்! அடுத்துக் கேட்டது தொழில். அதற்கு நான், தினமும் படுக்கையில் சாய்ந்து கதை விடுவேன் என்றிருக்கிறேன்.

வண்டியில் வரும்போது நஜ்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹனீன்தான் மெதுவாகக் கேட்டாள்: "பாபா, என்னையும் ஜாடிக்குள்ள போடுவியா?"

நேற்றுத் தெருமுனைப் பள்ளியில் பேர் கொடுத்துவிட்டேன். தடுப்பூசி போட்டாயிற்றா என்பதைத் தவிர என்னிடம் ஒரு கேள்வி இல்லை. அப்பாடா என்றிருக்கிறது, மச்சான். வெகு நாளைக்குப் பிறகு சாப்பிட்டது செரித்தது.

உங்கள் வீட்டு வாசலில் நோய் நொடி எட்டிப்பார்க்காமல் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
ஃபவ்ஸி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நஜ்லா குலவையிட்டாள், மாடி மாடியாக ஜன்னல்கள் திறந்துகொண்டன. இங்கிலீஷ் பள்ளியிலிருந்து போன். ஹனீனுக்கு இடம் உண்டாம். "உங்க வீட்டுக்காரர் மாதிரி இதுவரைக்கும் யாரும் எங்களைச் சிரிக்க வெச்சதில்ல" என்று தலைமை அம்மணி சொன்னாராம். மச்சான், நான் பாஸ்! பிறந்ததிலிருந்து முதல் தடவை. இதைப் போய் விடுவேனா? தெருமுனைப் பள்ளியில் பேரை எடுக்கக் கிளம்பிவிட்டேன். கேரட் ஊறுகாய் இனி டப்பாவில் அவள் பையோடு போகும். மேலே எழுதியதையெல்லாம் படித்ததாக வைத்துக்கொள்ள வேண்டாம். அது சரி, உங்கள் பிள்ளைகளைச் சேர்த்தபோது உங்களை யாராவது பரீட்சை வைத்து எடுத்தார்களா? சும்மாதான் கேட்கிறேன்.