சமாதானத்தில் கரைகண்ட தையற்காரர்

எந்த நாட்டில் குண்டு விழுந்தாலும், ஏன் விழுந்தது என்று தெரிந்த ஒருவர் உங்கள் தெருவில் கட்டாயம் இருப்பார். போர் விளக்குநர் என்று அந்த இனத்துக்கு நானாகவே பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் அவர் டெய்லர். பேண்ட் தைக்கக் கொடுத்துப் பாருங்கள்: இடுப்பளவு எடுப்பதற்குள் இரண்டு கண்டங்களைச் சுற்றிக்காட்டி, உங்கள் புதுத் துணியின் மேலேயே சாக்பீஸால் எல்லைக்கோடு இழுத்து, இங்கே எண்ணெய், இங்கே துறைமுகம், இங்கே இவன் படை என்று புள்ளி வைத்து, கடைசியில் பெருமூச்சு விடுவார். எண்ணெயுமில்லை மண்ணுமில்லையாம், எல்லாம் வறட்டு கௌரவமாம். உட்கார்ந்து பேசினால் டீ ஆறுவதற்குள் தீர்ந்துவிடுமாம். பிறகு அளவை மறந்துபோய் மறுபடி எடுப்பார்.

என்ன ஞானம்!

அதே கடையின் மறுபாதியில் சட்டை தைப்பவர் அவருடைய சொந்தத் தம்பி. நடுவே ஒரு பலகைத் தடுப்பு. இருவரும் பேசிப் பதினோரு மாதம். காரணம் கேட்கிறீர்களா? அண்ணன் துணி வெட்டும் கத்தரிக்கோலால் தம்பி காகிதம் வெட்டிவிட்டார். காகிதம் வெட்டினால் கூர் மழுங்கிவிடும். டெய்லர்கள் கொலையைக்கூட மன்னிப்பார்கள், இதை மாட்டார்கள். சரி, எதை வெட்டினார்? அண்ணனுக்குப் பிடிக்குமே என்று, பேப்பரில் வந்த போர் வரைபடத்தை.

தம்பி இப்போது வேறு தெருவில் கடை பார்த்துவிட்டார். போகாதே என்று அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவேன் என்று என்னிடம் கண்கலங்கினார். அண்ணனுக்கோ இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. மனசு கேட்காமல் நானே தூது போனேன்.

"நீங்களே கூப்பிட்டுடுங்களேன்."

"கூப்பிடலாம். ஆனா தப்பு பண்ணவன்தானே முதல்ல வரணும்?"

"அவரும் அதையேதான் சொல்றார். கஸ்டமர் முன்னாடி நீங்க திட்டினதுதான் தப்பாம்."

"பாத்தீங்களா? இப்படித்தான் சார் போர் வருது. எதிராளிக்குப் புரியவே மாட்டேங்குது."

மறுநாள் காலை வண்டி வந்தது. தம்பி மெஷினை ஏற்றினார், வாசலில் கொஞ்சம் நின்று பார்த்தார், போய்விட்டார். அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு மும்முரமாகத் தைத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். மெஷினில் துணியே இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, வேதனையாகவும் இருந்தது.

நீங்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். உங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒருவர் இருப்பாரே, அவர் முகம் இந்நேரம் மனசுக்குள் வந்துபோயிருக்கும். "அது வேற விஷயம் சார்" என்று சொல்லத்தானே வாயெடுத்தீர்கள்? எல்லா நாடும் அதைத்தான் சொல்கிறது.