ஜன்னல் வழியே போட்ட பை

சீதாலெட்சுமியின் பை ஜன்னலோர சீட்டில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. சீதாலெட்சுமிக்குத்தான் பஸ்ஸுக்குள் ஏற முடியவில்லை.

சித்திரை வருசப் பிறப்புக்கு முந்தின வாரம். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாம் ஒரே நாளில் ஹட்டனில் வந்து இறங்கியிருந்தார்கள். ஆளுக்கொரு முதுகுப்பை, கையில் அம்மாவுக்குச் சேலை. அக்கரப்பத்தனை பஸ்ஸின் வாசலில் தலைகளாகத் தெரிந்தன.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியே சீட்டில் விழுந்த பைக்கு ஆளுக்குரிய மரியாதை உண்டு. யாரும் அதை நகர்த்தமாட்டார்கள். அந்த நம்பிக்கையில்தான் அவள் எம்பிப் பையை உள்ளே போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

அதற்குள் கொண்டக்டர் மேர்வின் படியில் நின்று கத்தினான்.

"இந்த பஸ் போகாது! கியர் விழ மாட்டேங்குது! எல்லாரும் பின்னால நிக்கிற பஸ்ஸுக்குப் போங்க!"

ஏறியவர்கள் எல்லாம் இறங்கினார்கள். இறங்கிய வேகத்தில் சீதாலெட்சுமியையும் அடித்துக்கொண்டு போய்த் தேத்தண்ணிக் கடை வாசலில் விட்டார்கள். பஸ் காலியானது. பை மட்டும் இறங்கவில்லை.

"யாரோட பை இது?" மேர்வின் உள்ளேயிருந்து கேட்டான்.

"என்னோடது தம்பி" என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"யாரோடதுன்னு கேக்கிறேன்ல! வாய் இல்லையா?"

"டேய் மேர்வின், தொடாத" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "ஈஸ்டர் கிட்ட வருது. அன்னைக்குச் சர்ச்சுல வெடிச்சது மறந்துபோச்சா? ஆள் இல்லாத பை."

மேர்வின் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். பிறகு அவன் இறங்கியது படி வழியாகவா ஜன்னல் வழியாகவா என்று யாருக்கும் தெரியாது. "குண்டு!" என்ற ஒரு சொல் வந்தது. பஸ் ஸ்டாண்டு முழுவதும் ஓடியது. சீதாலெட்சுமியும் ஓடினாள். எல்லாரும் ஓடும்போது நிற்கத் தோன்றவில்லை. எதற்கு ஓடுகிறோம் என்று விளங்கியபோது நாலைந்து கடை தாண்டியிருந்தாள்.

தன் பையைப் பார்த்துத் தானே பயந்து ஓடியவள், திரும்பி வந்து அது என்னுடையது என்று எந்த முகத்தோடு சொல்வது?

வேறு யாராவது என்றால் சொல்லியிருப்பார்கள். சிரித்திருப்பார்கள், திட்டு வாங்கியிருப்பார்கள், பையை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். சீதாலெட்சுமிக்கு அது முடியாது. வடக்கில் சண்டை முடிந்த வருடம் அவளுடைய ஒரே மகன் தரணிதரனைக் கொழும்பில் அவன் வேலை செய்த இரும்புக் கடையிலிருந்து பொலிஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். இன்னும் அனுப்பவில்லை. அன்றிலிருந்து தோட்டத்து லய வீடுகளில் அவளுக்குப் பின்னால் ஒரு பேச்சு. கொட்டியாவின் அம்மா. புலியைப் பெற்றவள். அவளுடைய பையைக் குண்டு என்று சொல்லிவிட்டால் இல்லை என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை.

பைக்குள் ரொட்டி கொண்டு வந்த டப்பா இருந்தது. போன் இருந்தது. துவாய்த் துண்டில் சுற்றிய தரணிதரனின் படம் இருந்தது. அவனுக்கு இருந்தது அந்த ஒரு படம்தான். ஓரம் எல்லாம் வெளுத்து, வெள்ளை இப்போது கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. முகத்துக்கு வருவதற்குள் பிரதி எடுக்கலாம் என்றுதான் இன்றைக்கு ஸ்டூடியோவுக்குக் கொண்டு வந்தாள். "வருசம் முடிஞ்சு வாங்கம்மா, இப்ப கலியாண வேலை தலைக்கு மேல இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள்.

"குண்டு எடுக்கிற ஆமிக்காரங்க வர்றாங்களாம்" என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார்.

"வந்து?"

"திறந்தெல்லாம் பாக்க மாட்டாங்க. தூரத்துல நின்னு அப்படியே வெடிக்க வச்சிருவாங்க."

வெடித்தால் படமும் போய்விடும். அப்போதுதான் சீதாலெட்சுமிக்கு அந்த யோசனை வந்தது. பைக்குள் போன் இருக்கிறது. மணி அடித்தால் மேர்வின் எடுப்பான். எடுத்தால் முகம் காட்டாமல் பேசலாம். 'தம்பி, அது ஒரு வயசான அம்மாவோட பை, கடையில குடுத்து வை' என்று சொல்லிவிட்டால் போதும்.

பக்கத்து லயத்துக் காளியாயி முட்டைக் கடை ஓரம் நின்றுகொண்டிருந்தாள்.

"காளியாயி, போனைக் கொஞ்சம் குடு."

"யாருக்குக்கா?"

"ஒரு அவசரம்."

அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர், அவளுடையதுதான். அதை அழுத்தினாள்.

காலியான பஸ்ஸுக்குள் சாமி பாட்டு எழுந்தது.

ஸ்டாண்டில் மிச்சம் இருந்தவர்கள் எல்லாம் தரையில் விழுந்தார்கள். "போன் அடிச்சுத்தான் வெடிக்க வைப்பாங்க!" என்று ஒருவன் அலறினான். "ஐயா, வடை மேல படுக்காதீங்கய்யா!" என்று இன்னொருவர் அலறினார். மேர்வின் டயருக்குப் பின்னால் இருந்தான். போனை எடுக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை.

காளியாயி பஸ்ஸைப் பார்த்தாள். தன் போனைப் பார்த்தாள். சீதாலெட்சுமியைப் பார்த்தாள்.

"அக்கா… என் போன்லேருந்தா குண்டுக்குப் பேசுன?"

"அது குண்டு இல்லடி, என்னோட…"

காளியாயி கேட்க நிற்கவில்லை. போனைப் பறித்து, அதன் பின்பக்கத்தைக் கழற்றி, பேட்டரியை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு கொழும்பு ரோட்டில் போய்விட்டாள். அவளுடைய வீடு அந்தப் பக்கம் இல்லை.

பொலிஸ் ஜீப் வந்தது. சார்ஜன்ட் நல்ல உயரம், நரைத்த மீசை. இறங்கியதுமே, "காகெத மே பேக் எக?" என்றார். பிறகு தமிழிலும் கேட்டார். "யார்ட பை?"

எல்லாரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள்.

"பை தானா ஏறி உக்காந்ததா? வச்ச ஆள யார் பாத்தது?"

மேர்வின் டயருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான். "சார், அந்தம்மா ஜன்னல் பக்கம் நின்னாங்க. அவங்க பாத்திருப்பாங்க."

எல்லாருடைய கண்ணும் அவள் மேல் வந்து நின்றது.

"அம்மா பயப்பட வேணாம்" என்றார் சார்ஜன்ட். கெட்ட மனிதர் இல்லை. குரலில் களைப்பு இருந்தது. "தகவல்தான் நாட்டக் காப்பாத்துறது. அன்னைக்கு ஈஸ்டருக்கு முன்னால தகவல் வந்தது. மேல இருந்தவங்க கேக்கல. எத்தனை ஜனம் செத்துப்போச்சு? சின்னப் பிள்ளைங்க. இப்ப யார் என்ன சொன்னாலும் நாங்க கேக்கிறது. சொல்லுங்க. வச்சது யார்? எப்படி இருந்தான்?"

யாரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் 'எப்படி இருந்தான்' என்ற கேள்வியை, மகனைத் தேடிப் போன இடமெல்லாம் அதிகாரிகள் மேசைக்குப் பின்னாலிருந்து அவளிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அவளுடைய வாயில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது தானாக வந்துவிட்டது.

"சின்ன வயசு, மாத்தயா. ஒல்லியா இருப்பான். மாநிறம். நீலச் சட்டை, கைய மடிச்சு விட்டிருப்பான். இடது புருவத்துல ஒரு தழும்பு. தலையக் குனிஞ்சுதான் நடப்பான். கேட்டா மட்டும்தான் பேசுவான். நல்ல பையன்."

"நல்ல பையனா?"

"பாத்தா நல்ல பையன் மாதிரி" என்று திருத்தினாள்.

சார்ஜன்ட் அசந்துபோனார். "ஒரு பார்வையில இவ்வளவும் பிடிச்சதா? எங்க ஆளுங்க பத்துப் பேர் சேர்ந்தாலும் இது வராது!"

கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகளில் ஒல்லியாக இல்லாதவன் எவன்? தலையைக் குனிந்து நடக்காதவன் எவன்? பொலிஸ்காரர்கள் போன வேகத்திலேயே ஒருவனைத் தோளில் பிடித்துக் கொண்டுவந்தார்கள். நீலச் சட்டை. கையில் துணிக்கடைப் பை. பெயர் கேட்டதற்கு றொக்சன் என்றான். திம்புள்ள பக்கம் வீடு என்றான்.

"புருவத்துல தழும்பு இல்லையே சார்" என்றான் மேர்வின்.

"நாடியில இருக்குதானே" என்றார் சார்ஜன்ட். "தழும்பு தழும்புதான்."

"சார், நான் இப்பதான் கொழும்புக் கோச்சியில வந்து ஸ்டேசன்ல இறங்கினேன். இதுல அம்மாவுக்குச் சேலை இருக்கு. வேணும்னா பாருங்க சார்."

அவன் கையிலிருந்த போனுக்குள் ஒரு பெண்ணின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பேசிக்கொண்டு நின்றவனைத்தான் பிடித்திருக்கிறார்கள். "றொக்சன்? என்னடா சத்தம் அங்க? பஸ் ஏறிட்டியா? கோழி வாங்கி வச்சிருக்கேன் மகன், நீ வந்தாத்தான் வெட்டுவேன். ஹலோ? மகன்?"

சார்ஜன்ட் போனை வாங்கி அணைத்தார்.

சீதாலெட்சுமியும் ஒருநாள் இப்படித்தான் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பக்கம் போன் அணைந்துவிட்டது. நீலச் சட்டை போட்ட ஒரு பையன் பையோடு திரிகிறான் என்று யாரோ ஒருவர் தகவல் கொடுத்தார்களாம். இரும்புக் கடைக்காரர் அவ்வளவுதான் சொன்னார். அந்த யாரோ ஒருவருடைய கை அழுகிப்போக வேண்டும் என்று எத்தனை வெள்ளிக்கிழமை கோயிலில் சூடம் கொளுத்தியிருக்கிறாள். அவர்களும் பயத்தில் எதையோ உளறியிருப்பார்களோ? வீட்டுக்குப் போகிற அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்ன யாரோ ஒரு பொம்பிளையாக இருக்குமோ?

பொலிஸ்காரர்கள் றொக்சனை ஜீப்புக்குத் தள்ளினார்கள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"அம்மா, நான் இல்லைன்னு சொல்லுங்கம்மா."

"விடுங்க அவன!" சீதாலெட்சுமி ஜீப்புக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். இந்தத் தடவை குரல் ஸ்டாண்டு முழுவதும் கேட்டது. "அது என் பை! நான்தான் வச்சேன்! சீட்டு பிடிக்கப் போட்டேன்!"

சார்ஜன்ட் நெற்றியைத் தடவினார்.

"இப்ப நீலச் சட்டை வச்சதுன்னு சொன்னது யார்?"

"நான்தான். பொய் சொன்னேன்."

"அப்ப இது உண்மையா?"

"சத்தியமா உண்மை மாத்தயா. நான்தான் அந்த பைக்கு போனும் அடிச்சேன்."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். கூட்டம் இன்னும் கொஞ்சம் பின்னால் போனது.

"இவன் ஒங்க மகனா?" என்றார் சார்ஜன்ட். "காப்பாத்தப் பாக்கிறதா?"

"என் மகன் இல்ல."

"அப்ப பைக்குள்ள என்ன இருக்கு?"

"ரொட்டி டப்பா. போன். ஒரு படம்."

"யார்ட படம்?"

"என் மகனோட படம்."

"மகன் எங்க?"

சீதாலெட்சுமி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அத நீங்கதான் சொல்லணும். நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க."

கூட்டத்தில் யாரோ மெதுவாக, "கொட்டியாட அம்மா" என்றார்கள். சார்ஜன்ட்டின் முகம் இறுகியது. "ரெண்டு பேரையும் ஏத்துங்க" என்றார். "ஆமி வந்ததும் பைய வெடிக்க வைக்கட்டும்."

"வெடிக்க வைக்காதீங்க மாத்தயா! என்ன எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க. அந்தப் பையனை விடுங்க, படத்த மட்டும் எடுத்துக் குடுங்க. கும்பிடுறேன்."

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு ஆள் வெளியே வந்தார். பழுப்பு ஜெர்சி போட்டிருந்தார். கையில் குடை. எந்தக் கூட்டத்திலும் யாரும் இரண்டாம் தடவை பார்க்காத முகம். சார்ஜன்ட்டிடம் ஒரு அட்டையைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சார்ஜன்ட் சட்டென்று நேராக நின்றார்.

அந்த ஆள் யாரையும் கேட்காமல் பஸ்ஸுக்குள் ஏறினார். மேர்வின் மறுபடியும் டயருக்குப் போனான். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்து, எல்லாருக்கும் முன்னால் திறந்து காட்டினார். டப்பாவை எடுத்தார். போனை எடுத்தார். துவாய்த் துண்டை மட்டும் பிரிக்காமல் அப்படியே அவள் கையில் வைத்தார்.

"அந்தத் தம்பிய விடுங்க" என்றார். "இந்தம்மாவ எனக்குத் தெரியும்."

றொக்சன் போனை வாங்கினான், உயிர் கொடுத்தான், "அம்மா, ஒண்ணுமில்லம்மா, சிக்னல் இல்ல" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நின்ற பஸ்ஸை நோக்கி ஓடினான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவே சீதாலெட்சுமிக்கு நிம்மதியாக இருந்தது.

"ஐயா, ஒங்களுக்கு என்னை எப்படித் தெரியும்?"

அவர் சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். மலையகத் தமிழ்தான் பேசினார், சிங்கள வாடையோடு.

"நான் புலனாய்வு அம்மா. நீங்க எங்க போனாலும் பின்னால வர்றதுதான் என் வேலை. எனக்கு முன்னால ஒருத்தர் வந்தார். அவருக்கு முழங்கால் போச்சு, பென்சன்ல போயிட்டார். காலையில ஸ்டூடியோவுக்கும் வந்தேன். நீங்க பைய எம்பிப் போட்டப்பவும் பாத்தேன். எங்க ஆளுங்க முன்னால வரக் கூடாதுன்னு சட்டம். அதான் இவ்வளவு நேரம் நின்னேன்."

மழை தூற ஆரம்பித்தது. அவர் குடையை விரித்து அவளுடைய தலைக்கு மேல் பிடித்தார்.

சீதாலெட்சுமிக்குக் கோபம் வரவில்லை. அதற்குப் பதிலாக நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. எத்தனை மேசை, எத்தனை அதிகாரி. எல்லாரும் தெரியாது என்றார்கள், நாளைக்கு வா என்றார்கள். இதோ, எல்லாம் தெரிந்த ஒருவர். அவளுடைய ரொட்டி டப்பா வரைக்கும் தெரிந்த ஒருவர். அவள் அவருடைய ஜெர்சிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்தானே ஐயா? என் புள்ள எங்க இருக்கான்? விட வேணாம், காட்ட வேணாம். உயிரோட இருக்கானான்னு மட்டும் சொல்லுங்க."

அவர் குடையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

"எங்களுக்கும் தெரியாதும்மா" என்றார். "நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னுதானே இத்தனை வருசமா ஒங்க பின்னால வர்றோம்."