உப்புத்தண்ணி நாநாவும் நான் கொண்டுபோன இரண்டு கேன்களும்

கண்டியில் கடல் இல்லை என்று சொல்பவர்கள் உப்புத்தண்ணி நாநாவைச் சந்திக்காதவர்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயிலுக்கே மூச்சு வாங்கும். அந்த ஏற்றத்தின் வழியே ஒரு முழுக் கடலைக் கேன் கேனாக மலைக்கு ஏற்றி, தன் வீட்டு முன்னறையில் ஐந்தடிக் கண்ணாடித் தொட்டிக்குள் அடைத்து, எட்டு வருடம் உயிரோடு வைத்திருந்தவர் இந்தத் தீவிலேயே அவர் ஒருவர்தான். வேறு யாராவது இருந்தால், அவரைக் காட்டியாவது நாநா தன் மனைவியின் ஏச்சிலிருந்து தப்பியிருப்பார்.

அந்தக் கடல் இப்போது இல்லை. அது எப்படிச் செத்தது என்று அவர் குடியிருக்கும் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் மின்வெட்டு என்பார்கள். மின்வெட்டு இல்லை, நான். இதை எங்காவது எழுதித் தொலைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் யாழ்ப்பாணத்தான். கடலோரத்து ஊர். வேலை மாற்றலாகிக் கண்டிக்கு வந்தபோது, கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் நாநாவின் மேல்மாடி வாடகைக்குக் கிடைத்தது. நாநாவுக்குத் தொழில் மோட்டர் வைண்டிங். டவுனில் அவரது கடைக்குக் கருகிப்போன மின்விசிறிகளும் தண்ணீர்ப் பம்புகளும் வரும், சுழன்றுகொண்டு திரும்பிப் போகும். ஊரெல்லாம் காற்று வாங்க வைத்த அந்த மனிதரின் வீட்டில் இரண்டு மின்விசிறிகள் இருந்தன. இரண்டும் தொட்டியின் தண்ணீரைப் பார்த்தே சுழன்றன.

"எனக்கி ஒரு ஃபேன் கேட்டு நாலு வருசம்," என்பார் அவருடைய மனைவி. முஸ்லிம் வீடுகளில் அண்ணன் நாநா, அக்கா ராத்தா; நாங்கள் எல்லோரும் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். "எனக்கி வேர்த்தா பரவால்ல. அவர்ட பாசிக்கி வேர்க்கக் கூடாது."

"பாசி இல்ல, பவளம். சூடேறினா செத்துப் போகும்," என்பார் நாநா.

"நானும்தான் சாவன்."

"நீங்க சாகிறதெண்டா வாய் தொறந்து செல்லுவீங்க. அது செல்லாது."

முன்னறையில் கதிரைகள் கிடையாது. எல்லாம் குசினிக்குப் போய்விட்டன. விருந்தாளிகள் நின்றபடியே தேத்தண்ணீர் குடித்துவிட்டு, நின்றபடியே தொட்டியைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். பார்த்தவர்கள் சீக்கிரம் போனதில்லை. நீல வெளிச்சத்தில் பச்சை விரல்கள் நூறு அசைந்துகொண்டிருக்கும். அதற்குப் பக்கத்தில் ஊதா நிறத்தில் விசிறி போல ஒன்று, செம்மஞ்சளில் சட்டைப் பொத்தான்களைக் கொட்டிவைத்தது போல ஒன்று. கொழும்பில் தொட்டியிலேயே பவளம் வளர்க்கும் ஒரு கிழவர் கிள்ளிக் கொடுத்த நகத்தளவு துண்டுகளை நாநா எட்டு வருடத்தில் கைப்பிடியளவு ஆக்கியிருந்தார்.

முதல் நாள் நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

"உது முருகைக்கல்லெல்லோ நாநா? எங்கட ஊரில உதாலதான் மதில் கட்டிறனாங்கள்."

நாநா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். ராத்தா தண்ணீர் கொண்டு ஓடி வந்தார். அரை மணி நேரம் கழித்து நாநா என்னை மெதுவாகத் தொட்டி அருகே கூட்டிப்போய், "தம்பி, இதுங்க காதுல அதச் செல்ல வேணாம்," என்றார்.

நாநாவிடம் ஒரு குழல் இருந்தது. ஒரு துளி தண்ணீரை அதன் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை வைத்துப் பார்த்தால் அதில் எவ்வளவு உப்பு என்று எண் தெரியும். கடலுக்கு முப்பத்தைந்து. அந்த எண்ணிலிருந்து தொட்டித் தண்ணீர் ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் நாநா சாப்பிட மாட்டார். சட்டைப் பையில் எப்போதும் அந்தக் குழல் இருக்கும். கம்பளையில் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் தால்ச்சாவை ஒரு துளி தொட்டு வைத்துப் பார்த்து, "பண்டாரி, இதில கடல் மீன் வளக்கலாம்," என்று சொன்னதால் சமையல்காரர் அகப்பையோடு வாசல் வரை துரத்தி வந்தார். நோன்புக் கஞ்சியையும் அளந்திருக்கிறார் என்று கேள்வி. பள்ளிவாசலில் இதைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. மற்ற ஊர்க்காரர்கள் சுற்றுலா போனால் கருவாடும் கஜுவும் வாங்கி வருவார்கள். எங்கள் ஒழுங்கைக்காரர்கள் கடற்கரைக்குப் போனால் நாநாவுக்கு ஒரு கேன் கடல்நீர் கொண்டுவர வேண்டும். அவர் கேட்டதில்லை. வெறும் கேனோடு வாசலில் நின்று வழியனுப்புவார், அவ்வளவுதான்.

எதிர்வீட்டு டீச்சர் ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஒருமுறை நீர்கொழும்பிலிருந்து ரயிலில் இருபது லீட்டர் தூக்கி வந்தார். ஏற்றத்தில் மூடி கழன்று பக்கத்து ஆளின் பெட்டி நனைந்து பெரிய சண்டை. கை வீங்க, சேலை நனைய வந்து இறக்கினார். நாநா குழலை எடுத்தார், ஒரு துளி விட்டார், வானத்தைப் பார்த்தார்.

"முப்பது. ஆத்துத்தண்ணி கலந்தீக்கி, டீச்சர்."

சொல்லிவிட்டு முழுக் கேனையும் டீச்சரின் கண் முன்னாலேயே, வாசலோரம் கழிவுநீர் ஓடும் கானில் ஊற்றினார்.

"என்னங்க நாநா இது! கையி கழண்டு போச்சுங்க எனக்கு! அந்தாளு பொட்டிய நனைச்சதுக்கு வாங்கின ஏச்சு வேற!"

"கைக்கி எண்ண தடவலாம் டீச்சர். இதுங்களுக்கு என்ன தடவுற?"

டீச்சர் ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. நாநாவும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது டெங்குப் புகை. ஒழுங்கையில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்ததும் சுகாதாரப் பரிசோதகர் புகையடிக்கும் ஆட்களோடு வந்துவிட்டார். அந்தப் புகை தொட்டியில் இறங்கினால் இறால் முதல் பவளம் வரை ஒன்றும் மிஞ்சாது. நாநா வீட்டில் உடுக்க இருந்த சாரம் எல்லாவற்றையும் நனைத்து ஜன்னல்களில் தொங்கவிட்டார். போதவில்லை. என் சாரங்களும் போயின. கடைசியில் வாசலில் நனைந்த போர்வையைப் போர்த்திக்கொண்டு கையை விரித்து நின்றார்.

பரிசோதகர் சிங்களத்தில் கேட்டார், மனிதர்களின் உயிர் பெரிதா, பாசி பெரிதா என்று. நாநாவும் சிங்களத்தில்தான் பதில் சொன்னார். அன்று மாலை எனக்கு அதைத் தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டினார்: "மனிசனுக்கு ஆஸ்பத்திரி ஈக்கி மாத்தயா. இதுங்களுக்கு நான் மட்டும்தான் ஈக்கன்."

பரிசோதகர் உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். புகை அடுத்த வீட்டோடு நின்றது. பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நுளம்பு தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வந்து, தொட்டி முன்னால் அரை மணி நேரம் நின்று தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

இப்படிச் சாரத்தால் காப்பாற்றிய கடலைத்தான் நான் கேனால் கொன்றேன்.

நாட்டில் ஒன்றும் கிடைக்காமல் போன அந்த வருடம் உங்களுக்கு ஞாபகமிருக்கும். பால்மா இல்லை, காஸ் இல்லை. நாநாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் கடலுப்புப் பொதி இல்லை. சமையலறை உப்பில் கடல் செய்ய முடியாதாம். தொட்டித் தண்ணீரில் ஒரு பகுதியை அடிக்கடி மாற்றியாக வேண்டும், மாற்றத் தண்ணீர் இல்லை. நாநா மெலிந்துபோனார். அந்த நேரம் பார்த்து நான் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் புறப்பட்டேன். வாசலில் இரண்டு பெரிய கேன்களோடு நாநா நின்றார். ஏழு தரம் கழுவியிருந்தாராம்.

"ஆழமான பக்கமாப் பாத்து அள்ளுங்க தம்பி. உங்களுக்கு நான் செல்லணுமா? நீங்க கடல்ல பொறந்த ஆள்."

கடலோரத்தில் பிறந்தேன் என்பது உண்மை. எனக்கு நீந்தத் தெரியாது, படகில் ஏறினால் வாந்தி வரும் என்பதை நான் கண்டியில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. திரும்பும் நாள் காலை, மச்சானின் மோட்டார் சைக்கிளில் கேன்களைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். வாடைக்காற்று. அலை ஆள் உயரத்துக்கு எழும்பியது. நான் பயணத்துக்கு உடுத்திய வெள்ளைக் காற்சட்டையோடு நின்றேன். பஸ்ஸுக்கு முக்கால் மணித்தியாலம்தான் இருந்தது.

"உதுக்குள்ள இறங்கினியெண்டா நான்தான் உன்ர அக்காவுக்குப் பதில் சொல்லோணும். வா, களப்புப் பாலத்தடியில அள்ளுவம்," என்றான் மச்சான்.

"களப்புத் தண்ணியெல்லோ?"

"அதுவும் உப்புத்தானே மச்சான்!"

மாரி மழை கொட்டி ஓய்ந்த நேரம். வயல் வெள்ளமெல்லாம் கடலை ஒட்டிய அந்த ஆழமில்லாத களப்புக்குள்தான் இறங்கியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. காற்சட்டை நனையாமல் இரண்டு கேனையும் நிரப்பினேன்.

கண்டியில் பஸ் நிலையத்துக்கே நாநா வந்துவிட்டார். கேன்களை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு நாள் அசையாமல் வைத்து, வண்டல் படியவிட்டு, மறுநாள் தொட்டி அருகே கொண்டுவந்தார். குழல் சட்டைப் பையில் தெரிந்தது. அளக்கட்டும், கானில் ஊற்றட்டும், டீச்சரைப் போல எனக்கும் மானம் போகட்டும் என்று நின்றேன். அவர் குழலை எடுக்கவே இல்லை. கேனைச் சரித்தார்.

"அளக்கேல்லையோ நாநா?"

"உங்கட தண்ணிக்கி மீட்டர் போடச் செல்றீங்களா? அது உம்மா போட்ட சோத்த நிறுத்துப் பாக்கிற மாதிரி தம்பி."

அந்த நேரத்தில் ஒரு சொல் போதும். களப்பு என்ற ஒரு சொல். நான் அதைச் சொல்லவில்லை. மானம் தப்பியது என்று எனக்குள் ஒரு சந்தோஷம் கூட வந்தது. நாநா ஒரு கோப்பையால் கொஞ்சம் கொஞ்சமாக, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவது போல ஊற்றிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பச்சை விரல்கள் வெளியே வரவில்லை. ஐந்தாம் நாள் பொத்தான்கள் மூடிக்கொண்டன. நாநா வெளிச்சத்தைக் குறைத்தார், கூட்டினார், கடையைப் பூட்டிவிட்டு வந்து தொட்டி முன்னால் குந்தியிருந்தார். கொஞ்சம் தேறுவது போலத் தெரிந்தது. அப்போதுதான் மின்வெட்டு ஆரம்பித்தது. முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு நாலு, பிறகு நாள் முழுக்க. பம்பு நின்றால் தண்ணீருக்குள் காற்றுப் போகாது.

ஒழுங்கை முழுவதும் வந்தது. ஒரு கோப்பையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்ற வேண்டும், நிறுத்தாமல். முறை வைத்து ஊற்றினோம். பரிசோதகர் தன் வெள்ளிக்கிழமைகளைக் கொடுத்தார். டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்து கோப்பையைக் கையில் எடுத்தார். எல்லோரிலும் அதிக நேரம் ஊற்றியவன் நான்தான்.

"யாழ்ப்பாணத்துத் தம்பியப் பாருங்க, சொந்தப் புள்ளைக்கிச் செய்ற மாதிரி செய்றார்," என்று ராத்தா எல்லோரிடமும் சொன்னார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஒவ்வொன்றாகப் போயின. முதலில் ஊதா விசிறி, பிறகு பொத்தான்கள். பச்சை விரல்கள் ஒரு செவ்வாய்க்கிழமை உதிர்ந்தன. மிஞ்சியது வெறும் வெள்ளை எலும்பு. எங்கள் ஊர் மதில் அப்படித்தான் இருக்கும்.

"கரண்ட்தான் கொண்டுட்டுப் போன," என்றார் நாநா, கேட்டவர்கள் எல்லோரிடமும். தண்ணீரை அவரே குழாய் வைத்துக் கானுக்கு விட்டார். கதிரைகள் முன்னறைக்குத் திரும்பி வந்தன. ராத்தாவுக்கு ஒரு மின்விசிறி கிடைத்தது. அதன் கீழே உட்கார்ந்து அவர் அழுததை நான் பார்த்தேன்.

அடுத்த வருடம் எனக்கு மாற்றல் வந்தது. பெட்டி கட்டி இறங்கும்போதுதான் வாய் திறந்தேன்.

"நாநா, அண்டைக்கு நான் கொண்டந்தது கடல் தண்ணியில்ல. களப்பு. காற்சட்டை நனைஞ்சிடும் எண்டு..."

"தெரியும்," என்றார்.

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன்.

"பச்ச வெளிய வராத அண்டைக்கி கேன் அடியில கொஞ்சம் மிச்சம் ஈந்திச்சி. அளந்தன். இருவத்தொண்டு."

"ஏன் நாநா எனக்குச் சொல்லேல்ல?"

நாநா குனிந்து என் பெட்டியின் வாரை இறுக்கினார். "டீச்சர் ஆறு மாசம் பேசல்ல தம்பி. எனக்கி அது பெரிய கரச்சலா ஈந்திச்சி. நீங்களும் பேசாமப் போனா மேல்மாடியில ஆள் ஈந்தும் இல்லாத மாதிரி." பிறகு சட்டைப் பையிலிருந்து குழலை எடுத்து என் கையில் வைத்தார். "எனக்கி இனி இது என்னத்துக்கு? வச்சிக்கோங்க."

இனி அவர் எதையும் வளர்க்கப் போவதில்லை. தொட்டிக்குள் ராத்தா பெரிய சட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார். ஆனாலும் ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் கடலில் இடுப்பளவுக்கு இறங்குகிறேன். அலை முகத்தில் அடிக்கும். குழலில் ஒரு துளி விட்டு, முப்பத்தைந்து என்று கண்டபிறகுதான் கேனை நிரப்புகிறேன். மச்சான் எனக்குப் பைத்தியம் என்கிறான். அந்தக் கேனோடு கண்டியில் இறங்கி ஒழுங்கைக்குள் நடக்கிறேன்.

நாநா கதவைத் திறப்பார். கேனை இரண்டு கையாலும் வாங்குவார். அதைக் கொண்டு செய்வதற்கு அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. அவர் அதைக் கீழே வைக்காமல் நெஞ்சோடு பிடித்தபடியே கேட்பார்: "சாப்பிட்டீங்களா தம்பி?"