பரிமளாவின் பக்கத்தில் அரை மணி நேரம்

என் மனைவியின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். இதற்காகத்தான் எங்கள் ஆரணி வீட்டை அஜைல் முறைக்கு மாற்றத் தீர்மானித்தேன்.

சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவன் நான். சுவருக்கு அந்தப் பக்கம் பரிமளா பட்டு நெய்கிறாள். பகலெல்லாம் தறிச் சத்தம் கேட்கும். அவள் குரல்தான் கேட்காது. தறியை விட்டால் அடுப்பு, அடுப்பை விட்டால் துணி, துணியை விட்டால் தூக்கம்.

அஜைல் என்பது எங்கள் கம்பெனியில் வேலையை நடத்தும் முறை. எளிதானது. பெரிய வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். செய்யவேண்டியது, நடப்பது, முடிந்தது என்று மூன்று கட்டங்கள். தினமும் காலையில் நின்றபடியே ஐந்து நிமிடம் பேச வேண்டும். இரண்டு வாரம் கழித்து, முடிந்தது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எது முதலில் என்று சொல்ல ஒரு முதலாளி வேண்டும். அந்தப் பதவியைப் பெருந்தன்மையோடு பரிமளாவுக்கே கொடுத்தேன்.

இருபத்திரண்டு சீட்டுகள் சேர்ந்தன. என்னுடையது ஒன்றே ஒன்று: ‘பரிமளா பக்கத்தில் உட்கார வேண்டும்.’ படித்தாள். வரிசையில் கடைசியாக ஒட்டினாள்.

பாத்திரம் என்னிடம் வந்தது. துணி வந்தது. களம்பூர் மில்லுக்குப் போய் அரிசி மூட்டை தூக்கி வருவதும் வந்தது. ஒரு வேலை முடிந்தால் என் சீட்டு ஒரு படி ஏறும். மறுநாளே ஒட்டடை, பரண் என்று அதற்கு மேலே இரண்டு புதுச் சீட்டு ஒட்டுவாள். இரண்டு படி இறங்கும்.

பத்தாம் நாள் கேட்டுவிட்டேன்.

“என் சீட்டு எப்பம்மா வரும்?”

“இன்னா அவசரம்? முதலாளி சொல்றதுதான் வரிசைன்னு நீங்கதான சொன்னீங்க.”

“ஆசையா எழுதினது, பரிமளா.”

“தெரியுதுங்க. நானும் தெனம் பார்த்துகினுதான் இருக்கேன்.”

அந்த ஒரு வார்த்தையை நினைத்துக்கொண்டே நான்கு நாள் பாத்திரம் தேய்த்தேன்.

பதினான்காம் நாள் மாலை, அவளே என் சீட்டை ‘நடப்பது’ கட்டத்துக்கு மாற்றினாள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு டம்ளர் காப்பியோடு தறி அறைக்கு ஓடினேன். தறியில் அவளுக்குப் பக்கத்தில் எனக்கும் இடம் ஒதுக்கியிருந்தாள். காப்பியைக் குடித்தாள். என் கையில் குறுக்கு நூல் ஓட்டும் நாடாக் கட்டை ஒன்றை வைத்தாள்.

“இந்த வாட்டி கோர்வைச் சேலைங்க. கரை வேற கலரு. நான் நடுவுக்கு நாடா ஓட்டுவேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்துகினு கரைக்கு ஓட்டணும்.”

“நான் பேசலாம்னுதான் எழுதினேன்.”

“சீட்டுல உட்காரணும்னுதான இருக்கு?”

“எவ்ளோ நேரம்?”

“ஆபீஸ் முடிஞ்சதும் தெனம் வாங்க. மூணு சேலைதான்.”

இப்போது பரிமளாவின் தோளுக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருக்கிறேன். பேசினால் இழை எண்ணிக்கை தப்பிவிடுமாம், வாயைத் திறக்க விடுவதில்லை.