தாம்பாளத்தில் மார்ஷ்மெல்லோ வைப்பது குறித்து அண்ணனுக்கு

சங்கரன்கோவில்,
ஞாயிறு மதியம்

பேரன்புக்குரிய பெரியண்ணன் சங்கரசுப்பு அவர்களுக்கு, தம்பி முத்துக்கிருஷ்ணன் பணிவோடு எழுதுவது. இங்கே கடை, வீடு, மனைவி சங்கரேஸ்வரி, மகள் ப்ரியதர்ஷினி எல்லாம் சுகம். அங்கே மதினிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்களுக்குப் பிரஷர் குறைந்திருந்தால் இதைப் படித்ததும் மறுபடி ஏறும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு படியுங்கள். ஏன் போன் செய்யவில்லை என்றால், போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். பிறந்ததிலிருந்து அப்படித்தான். கடிதத்தில்தான் நான் பேசி முடிக்க முடியும்.

ப்ரியாவின் நிச்சயதார்த்தத் தாம்பாளத்தில் லட்டு இருக்காது. மார்ஷ்மெல்லோதான் இருக்கும். நான் செய்ததுதான் இருக்கும். "ஏலே, பாத்திரக்கடைக்காரன் பஞ்சு மிட்டாய் கிண்டி வரிசை வைக்கான்னு ஊரு சிரிக்கும். அதை எடுக்காட்டா நான் வரமாட்டேன்" என்று நீங்கள் சொன்னதை நன்றாக யோசித்துப் பார்த்தேன். சிரிக்கட்டும்.

அந்தப் பிள்ளை இதுவரை எதுவும் கேட்டதில்லை. பெங்களூரில் வேலைக்குப் போன இடத்தில் தின்று பழகிய, மெத்தென்ற நுரை மிட்டாய் இது. "அம்மா முறுக்கு சுடுதா. நீங்க என் நிச்சயத்துக்கு என்னப்பா செஞ்சு தருவீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு இல்லை, அன்று ராத்திரியே செய்முறை தேட உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இதை உறைய வைக்க ஆன்லைனில் ஜெலட்டின் பொடி வாங்கினேன், பக்கத்து மளிகைக்கடை மைதீன் பாட்சா பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது எலும்புல இருந்து எடுக்காங்க. நம்ம ரெண்டு வீட்டுக்கும் ஆகாது" என்று சொல்லிக் கடல்பாசி கொடுத்தார், நோன்புக்குப் பாலில் காய்ச்சி உறைய வைப்பார்களே அதுதான், பாசி உறையும், நுரைக்காது, நுரைக்கு முட்டை வேண்டும், நம் சைவ வீட்டில் அதுவும் ஆகாது, கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை அடித்தால் முட்டை மாதிரியே நுரைக்கும் என்று வீடியோவில் ஒருத்தி சொன்னாள், நுரைத்தது, ஆனால் தண்ணீரை நான் எடுத்துக்கொண்டால் கடலையை யார் தின்பது, வீட்டில் காலையும் மாலையும் சுண்டல்தான், சங்கரேஸ்வரி இப்போது கடலை என்று சொன்னாலே எழுந்து போய்விடுகிறாள், முதல் தடவை பாகு பதம் தப்பி எவர்சில்வர் தட்டோடு ஒட்டிக்கொண்டது, சுத்தியலால் அடித்தேன், தட்டுத்தான் நெளிந்தது, அடுத்த தடவை சோளமாவு தூவும்போது ஃபேனை அணைக்க மறந்துவிட்டேன், கறுத்த தலையோடு உள்ளே வந்த சங்கரேஸ்வரி நரைத்த தலையோடு வெளியே போனாள், அதற்கடுத்த தடவை நுரை அடிக்கிற மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது, வருவதற்குள் மெஷின் கம்பியோடு சேர்ந்து எல்லாம் உறைந்துவிட்டது, கரண்ட் வந்ததும் மெஷினோடு சட்டியும் சுற்றியது, புகை வந்தது, அதைத்தான் ப்ரியா படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டாள், அதைப் பார்த்துத்தான் நீங்கள் போன் செய்து கத்தினீர்கள்.

நான் விடவில்லை. மெஷின் போனால் என்ன, என் கடையில் மத்துக்கா பஞ்சம்? உட்கார்ந்து கையாலேயே கடைந்தேன். புளியங்குடி எலுமிச்சையில் ஒரு ஈடு, சுக்கும் கருப்பட்டியும் போட்டு ஒரு ஈடு. பூ மாதிரி வந்தது. அதை டப்பாவில் போட்டுக்கொண்டு நேரே வாசுதேவநல்லூருக்கு பஸ் ஏறினேன். சிரிக்கிறதாக இருந்தால் சம்பந்தி நல்லகண்ணு என் முகத்துக்கு நேரே சிரிக்கட்டும் என்றுதான் போனேன். அவர் ஒன்றை எடுத்து விரலால் அமுக்கினார். எழும்பி வந்தது. மறுபடி அமுக்கினார். பிறகு வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"யாரு செஞ்சது?" என்றார்.

"நாந்தான்."

"பொம்பளப்பிள்ளைக்குன்னு அடுப்புல நின்னீகளா?" என்று கேட்டுவிட்டு, சுக்கு போட்டதாக இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன் அண்ணே.

ஆகவே நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி. முன்வரிசையில் உங்கள் நாற்காலி கிடக்கும், சும்மாவே கிடக்கட்டும். எனக்கு யார் தயவும் வேண்டாம். மதினிக்கு என் வணக்கம். இருவரும் இருந்த இடத்திலிருந்தே எங்கள் பிள்ளையை வாழ்த்துங்கள், அது போதும்.

உங்கள் சொல்லை முதல்முறையாகத் தட்டும் தம்பி,
முத்துக்கிருஷ்ணன்

பின்குறிப்பு: நல்லகண்ணு இப்போதுதான் போன் செய்தார். அவர்கள் பக்கத்து ஆட்கள் தனி பஸ் பிடித்து வருகிறார்களாம், ஆளுக்கொரு பொட்டலம் மார்ஷ்மெல்லோ வேண்டுமாம். எனக்கு வலது தோளைத் தூக்க முடியவில்லை. நீங்கள் முந்தின நாள் காலையிலேயே வந்துவிடுங்கள் அண்ணே. நுரையை நிறுத்தாமல் அடிக்க வேண்டும். சின்ன வயசில் என்னை அடித்த கை அது, லேசில் ஓயாது என்று எனக்குத் தெரியும்.